களத்து எண்ணெய்

அபுந்தியோ தன் பழைய லாரியைக் காபி காயப்போடும் களத்தின் மேல் ஏற்றி நிறுத்தியதற்கு மழைதான் காரணம். அறுவடை நேரத்தில் எங்கள் மலையூரான அகுவா ப்ளாங்காவில் பெய்யக்கூடாத மழை. வடக்கே மலைக்கு அந்தப்புறமிருந்து குளிர்காற்று அதை இழுத்துவந்து, பைன் மரங்களுக்குள்ளே நசநசவென்று தூறவிட்டுக்கொண்டே இருந்தது. பாதையெல்லாம் சிவப்புச் சேறு. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்க்க மேடான, சேறில்லாத இடம் என்றால் ஊரில் அவன் அக்காள் வீட்டுச் செங்கல் களம் ஒன்றுதான். அக்காளும் மச்சானும் மேல்சரிவில் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவன் யாரையும் கேட்கவில்லை.

அக்காள் பெயர் தெல்பினா. மச்சான் லியோன்சியோ. அவர்கள் வீட்டுக்கும் என் கடைக்கும் நடுவே ஒரு கம்பி வேலியும் கொய்யா மரமும்தான். லாரி நிற்பதை நான் பார்த்தேன். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுகிறான் என்றும் புரிந்தது. பிறகு கடைக்கு யாரோ சோப்புக் கேட்டு வந்தார்கள், உள்ளே திரும்பிவிட்டேன். அதற்குள் லாரி லேசாக உருண்டு, பழைய எண்ணெய் வடித்து வைத்திருந்த தகரத் தட்டைச் சக்கரம் கவிழ்த்துவிட்டது. மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று வாட்டம் வைத்துப் பாவிய களம் அது. அந்த வாட்டத்தில் கருப்பு எண்ணெய் நடுக்களத்திலிருந்து ஓரத்து வாய்க்கால்வரை நிதானமாக இறங்கியது.

அபுந்தியோ பயந்துபோனான். பழத்தோல் உரிக்கிற மிஷின் கொட்டகைக்குப் பின்னால் குவிந்திருந்த காபி உமியை இரண்டு கைகளாலும் அள்ளிக் கொட்டி மிதித்தான், பெருக்கினான். மேலே நின்ற எண்ணெய் வந்துவிட்டது. செங்கல் குடித்தது குடித்ததுதான். அதன்மேல் புதிதாக உமியைத் தூவிப் பரப்பிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இந்தத் தூறலில் நாளைக்கு யார் காபி காயப்போடப்போகிறார்கள், காலையில் வந்து தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. இதையெல்லாம் பிறகு அவனே சொன்னதுதான்.

விடியும்போது வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அறுவடைக் காலத்தில் வெயிலை வீணாக்குகிற ஆள் லியோன்சியோ இல்லை. ஊறவைத்துக் கழுவிய காபிக் கொட்டையைத் தொட்டிதொட்டியாகச் சுமந்துவந்து, களத்தில் கிடந்த உமியைப் பெருக்கித் தள்ளிவிட்டு, நடுக்களத்தில் கொட்டி மரத் துடுப்பால் பரப்பினான். வெளிச்சம் சரியாக வந்திருக்கவில்லை. ஈரச் செங்கல் எல்லாமே கருப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

அவன் பரப்பியது அவன் காபி மட்டுமில்லை. எங்கள் மேட்டில் ஐந்து குடும்பங்கள் பழத்தைச் சேர்த்துப்போட்டு, ஒன்றாக ஊறவைத்து, ஒன்றாகக் காயவைத்து, மார்காலா ஊரில் ஒரு வியாபாரியிடம் ஒரே சரக்காகக் கொடுக்கிறார்கள். அதற்கு லியோன்சியோவின் தொட்டி, லியோன்சியோவின் களம், எல்லாவற்றுக்கும் மேல் லியோன்சியோவின் மூக்கு. தொட்டியில் ஊறுகிற காபி எந்த நேரத்தில் பதமாகிறது, எந்த நேரத்தில் புளித்துக் கெடுகிறது என்பதை அவன் தொட்டி ஓரமாக நடந்துபோகும்போதே சொல்லிவிடுவான் என்று பேர். ஊரில் அவனை மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுடைய மூக்கு அளவிலும் பெரியது என்பதால் அந்தப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

தெல்பினா அவனுக்குச் சோள ரொட்டியும் பீன்ஸும் எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். லாரி எண்ணெய் வாடை அடிக்கவே, லாரி எங்கே நிற்கிறது என்று சுற்றிப் பார்த்திருக்கிறாள். லாரி இல்லை. களத்துக்கு இறங்கி, காபியைக் கையால் விலக்கினாள். அடியில் கருப்பு. கையை முகர்ந்து பார்த்துவிட்டு, வேலிக்கு இந்தப்பக்கம் என்னைப் பார்த்து, "ரெமேதியோஸ், கடையை அடைச்சிட்டு வா" என்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் நான் ஓடினேன்.

கொட்டையை அள்ளிச் சுமக்கிற தொட்டிகளில் போட்டோம். செங்கல்லில் ஊறிய எண்ணெய் வெயில் பட்டதும் கமறியது. ஈரக் காபிக்கொட்டை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையைப் பிடித்துக்கொள்ளும். என் கடையில் சோப்பு அடுக்கிய பலகைக்குப் பக்கத்தில் காபி மூட்டையை நானே வைக்கவிடமாட்டேன். அள்ளிய என் கையே லாரிச் சக்கரம்போல நாறியது.

லியோன்சியோவின் முகம் வெளுத்துவிட்டது. முந்தின நாள் லாரி நின்றதை நான் சொன்னேன். பிறகு ஆரம்பித்தான். அபுந்தியோவைச் சோறுபோட்டு வளர்த்ததிலிருந்து, லாரி வாங்கச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதுவரை எல்லாவற்றையும் இழுத்தான். அவன் இந்த வாசலில் காலை வைத்தால் லாரிக் கண்ணாடியை வெட்டுக்கத்தியால் கொத்திவிடுவேன் என்றான். நியாயமான கோபம் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் தெல்பினா தம்பிக்காக ஒரு வார்த்தை பேசாமல், புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோபத்தில் நிற்க நேரமில்லை. ஊறல் தொட்டியில் இன்னொரு சரக்கு கிடந்தது. மறுநாள் கழுவி எடுத்தே ஆகவேண்டும், எடுத்தால் பரப்பியே ஆகவேண்டும். அன்றைக்குப் பறிக்கிற பழமும் அதோடு வந்து இறங்கும். வேறு களம் என்றால், தோன்யா என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் பெனிக்னாக் கிழவியின் களம்தான், அது ஒரு கட்டில் அகலம். அதிலும் ஏற்கெனவே காபி காய்ந்தது. வெயில் எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் மரத்தூளைப் போட்டுத் தேய்த்தோம். தூள் கருத்துவந்தது. அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி போட்டோம். லியோன்சியோ கொட்டகையிலிருந்து மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்துவந்தான். தெல்பினா அவன் கையைப் பிடித்தாள்.

"எண்ணெயைக் கழுவ எண்ணெயா? இருக்கிறதையும் உள்ள இறக்கி விட்டுரும்."

"உனக்கு என்ன தெரியும்? சட்டையில கிரீஸ் பட்டா நீ இதைத்தானே போடுறே?"

"சட்டையில காபி காயப்போடுறதில்ல."

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். வைத்த வேகத்தில் மூடி தெறித்தது. நல்லவேளை, சிந்தியது மண்ணில்.

பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். என் கடையிலிருந்த சோப்புத்தூள் முழுவதும் அதில் போயிற்று. தெல்பினா முரட்டு விளக்குமாற்றை அடிக்கட்டை மட்டும் நிற்க வெட்டிவிட்டு, மண்டியிட்டு, உடம்புப் பாரம் முழுவதையும் கைகளில் கொடுத்துத் தேய்த்தாள். நான் ஊற்றினேன். கருப்பு நுரை வாய்க்காலில் ஓடியது. காபிச் செடிகள் பக்கம் போகாமல் லியோன்சியோ மண்ணை வெட்டி அணைபோட்டான். செங்கல் சிவந்து வந்தது. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம். கறை போன மாதிரிதான் இருந்தது.

வெயில் ஏறியது. செங்கல் காய்ந்தது. காய்ந்துகொண்டே வரும்போது, நெற்றியில் வியர்வை அரும்புகிற மாதிரி, உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் மறுபடி மேலே வந்தது. முதலில் கல்லுக்குக் கல் ஒரு புள்ளி. அப்புறம் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழைய உருவம் முழுசாகத் திரும்பிவிட்டது. தெல்பினா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, வியர்வைதான்.

அந்த நேரத்தில் அபுந்தியோ வந்தான். லாரியைப் பாதை முனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தான். கையில் எஞ்சின் துடைக்கிற கம்பி பிரஷ். களத்தையும் எங்களையும் பார்த்ததுமே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லியோன்சியோ வெட்டுக்கத்தியை எடுக்கவில்லை. மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"வாங்க துரை. உமி தூவி வச்சிட்டுப் போனீங்களே. அடியில என்னான்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?"

"காலையில வந்து கழுவிரலாம்னு பார்த்தேன், மச்சான். நீங்க இதுல பரப்புவீங்கன்னு நினைக்கல."

"வெயில் வந்தா பரப்பாம?"

"அதில்ல." அபுந்தியோ தயங்கினான். "உமியை எடுத்ததும் நாத்தம் தெரிஞ்சிருக்குமே. அதான், எப்படிப் பரப்பினீங்கன்னு..."

லியோன்சியோ மண்வெட்டியை விட்டுவிட்டு அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். நானும் தெல்பினாவும் நடுவில் போய் விழுந்து பிரித்தோம். பையன் எதிர்த்துக் கையே தூக்கவில்லை. "செய்றதையும் செஞ்சிட்டு என்னைக் கேள்வி கேக்கிறானா" என்று லியோன்சியோ கத்திக்கொண்டே இருந்தான். கத்திக் களைத்து மிஷின் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அபுந்தியோ கிழிந்த கழுத்தோடு மண்டியிட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தான்.

கம்பி பிரஷ் செங்கல்லின் தோலை உரித்ததே தவிர எண்ணெயை உரிக்கவில்லை. தேய்த்துப் பயனில்லை, உறிஞ்சித்தான் எடுக்கவேண்டும் என்று தெல்பினா சொன்னாள். மேலே வருகிற எண்ணெயைக் குடிக்க எதையாவது கனமாக அப்பிவைத்தால், அது காயக் காய உள்ளேயிருப்பதை இழுத்துக்கொள்ளாதா என்பது அவள் யோசனை. சோளத்தைத் தோல் கழல வேகவைக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் குழைத்து, அதில் மரத்தூளும் கரைத்த சோப்பும் கலந்து, ரொட்டி மாவு பதத்துக்குப் பிசைந்தாள். கறை முழுக்க ஒரு கை கனத்துக்கு அப்பினோம். சுண்ணாம்பு என் விரலிடுக்குகளை அரித்துப் புண்ணாக்கியது. மேலே ஈரச் சாக்கு. அவசரமாகக் காய்ந்தால் பிடிக்காது என்றாள்.

பகல் முழுக்க அதைக் காயவிட்டோம். வேகவைத்த வாழைக்காயையும் பாலாடைக் கட்டியையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்றோம். வெயில் சாய்ந்ததும் சாக்கை எடுத்தோம். பசை ஓரங்களில் வெடித்து, அடிப்பக்கம் வெல்லத்தின் நிறத்தில் இருந்தது. கரண்டியால் சுரண்டினால் தகடு தகடாக வந்தது. கீழே செங்கல் வெளுத்துத் தெரிந்தது. அபுந்தியோ அக்காளைப் பார்த்துச் சிரித்தேவிட்டான்.

தெல்பினா சிரிக்கவில்லை. கொட்டகையைப் பார்த்து, "வந்து மோந்து பாருங்க" என்றாள்.

லியோன்சியோ வந்தான். மண்டியிட்டு, கைகளை ஊன்றி, அந்தப் பெரிய மூக்கு செங்கல்லில் படுகிற அளவுக்குக் குனிந்தான். இழுத்து மூச்சு விட்டான். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"போயிருச்சு. சுத்தமா ஒண்ணுமில்ல. நாளைக்குப் பரப்பலாம்."

நின்ற இடத்திலேயே எனக்கு வாடை அடித்தது. காலையில் அடித்த அளவுக்கு இல்லை, ஆனால் அடித்தது. நான் வாயைத் திறந்தேன். தெல்பினா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். "எதுக்கும் இன்னொரு தடவை போட்டு வைப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் சுண்ணாம்புப் பானையை இழுத்தாள்.

மறுநாள் காலை தெல்பினா என்னை அவர்கள் சமையலறைக்குக் கூப்பிட்டாள். எண்ணெயில் கிடந்த கொட்டையைக் கழுவி மற்றதோடு கலந்துவிடலாம், அத்தனையில் இது எங்கே தெரியப்போகிறது என்று லியோன்சியோ விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தானாம். அவள் மறுத்தும் பேசவில்லை. அந்தக் கொட்டையில் ஒரு கைப்பிடி எடுத்து, ரொட்டி சுடுகிற மண்தட்டில் காயவைத்து, தோல் நீக்கி, வறுத்து, அரைத்து வடித்திருந்தாள். எனக்கு, அபுந்தியோவுக்கு, புருஷனுக்கு என்று ஊற்றினாள். தனக்கும் ஊற்றிக்கொண்டாள். எந்தக் கொட்டை என்று சொல்லவில்லை.

கோப்பை உதட்டுக்கு வருமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மடக்கு நாக்கில் வைத்தேன். டயர் எரிகிற புகையைக் குடிக்கிற மாதிரி இருந்தது. அபுந்தியோ வாசலுக்கு ஓடித் துப்பினான். லியோன்சியோ சோள ரொட்டியைப் பிய்த்துக் காபியில் தோய்த்துத் தின்றான். பிறகு கோப்பையைக் கவிழ்த்துக் குடித்து முடித்தான்.

"என்ன, பையனுக்கு வயிறு சரியில்லையா?" என்று கேட்டான்.

அவன் எங்கள் கோப்பைகளைப் பார்த்தான். நிறைந்த கோப்பைகள். தன் காலிக் கோப்பையைப் பார்த்தான்.

"எப்பலேருந்து?" என்றாள் தெல்பினா.

"என்ன எப்பலேருந்து?"

"என்கிட்ட வேணாம்."

அடுப்பில் விறகு சரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன அறுவடைக்கு முன்னாடி காய்ச்சல்ல கிடந்தேன்ல. அதுலதான். முதல்ல சளின்னு நினைச்சேன். திரும்பி வந்துரும்னு நினைச்சேன். வரல."

"போன அறுவடையே முடிஞ்சு, இந்த அறுவடை வந்திருச்சு."

"கையை விட்டுப் பார்த்துச் செய்தேன். வழவழப்புப் போயி, தேய்ச்சா கூழாங்கல் மாதிரி நறநறங்கும் பாரு, அப்ப எடுத்துருவேன். தப்பாப் போகலியே. மார்காலாக்காரரே நல்லா இருக்குன்னுதானே எடுத்தார்?"

"நான் அதைக் கேக்கல." அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. "தினமும் என் சமையலைத் தின்னுட்டு நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. எதை வச்சுச் சொன்னீங்க?"

"உப்பு தெரியும். சூடு தெரியும்" என்றான் லியோன்சியோ. கொஞ்சம் பொறுத்து, "மத்ததை உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்" என்றான்.

அவள் இடுப்பில் கட்டியிருந்த அடுப்படித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எங்கள் மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்து, இது இந்தச் சுவரைத் தாண்டவேண்டாம் என்றான். மூக்கில்லாதவன் கையில் யார் பழத்தைக் கொடுப்பார்கள் என்று கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தொட்டிப் பக்கம் போய்விட்டான்.

வெயில் சூடேறும் முன்பே மற்றக் குடும்பங்கள் பழத்தோடு வந்துவிட்டார்கள். தோன்யா பெனிக்னா கழுதையை வேலியில் கட்டிவிட்டு நேரே களத்துக்கு வந்தாள். ஐந்து குடும்பத்திலும் மூத்தவள். யாரும் அவள் பேச்சை மீறுவதில்லை. காசிமிரோ மூட்டையை இறக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான். நடுக்களத்தில் வெள்ளையாக அப்பிக் கிடந்த சுண்ணாம்பையும், ஓரமாகத் தொட்டிகளில் கிடந்த கொட்டையையும் எல்லோரும் பார்த்தார்கள். எண்ணெய் கொட்டிய கதையைத் தெல்பினா மறைக்காமல் சொன்னாள். கெட்டது கலக்கப்படாது, குழியில் போகும் என்றும் சொன்னாள்.

பெனிக்னா ஒரு தொட்டியில் கைவிட்டு முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"கொட்டினது லாரிக்காரப் பய. அது சரி. ஆனா மூக்கா, நீ எப்படி இது மேல பரப்பினே? பாதை முனையிலயே உனக்கு அடிச்சிருக்குமே."

அபுந்தியோ முன்னால் வந்தான். உமிக்கு அடியில் தான் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு நன்றாக மூடி வைத்திருந்ததாகவும், யாராக இருந்தாலும் வாடை தெரிந்திருக்காது என்றும், பழி முழுக்கத் தன்னுடையது என்றும் சொன்னான். அத்தனையும் பொய். கிழிந்த சட்டையைக்கூட மாற்றாமல் நின்று, மச்சானைத் திரும்பிப் பார்க்காமல் அந்தப் பொய்யைச் சொன்னான். காசிமிரோ அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். இனி உன் லாரியில் என் மூட்டை ஏறாது என்றான். அபுந்தியோ சரி என்று தலையாட்டினான்.

நான் லியோன்சியோவைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் அப்படியே முடிந்துவிடும். தெல்பினா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அவனுக்கு ஒரு சைகையும் காட்டவில்லை.

"பையன் பொய் சொல்றான்" என்றான் லியோன்சியோ. "நாத்தம் அடிச்சிருக்கும். எனக்குத்தான் தெரியல. எனக்கு மூக்கு போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது, தோன்யா பெனிக்னா."

காசிமிரோதான் முதலில் பேசினான். போன வருஷத்துச் சரக்கை யார் பார்த்தது என்று கேட்டான். கையால் பார்த்தேன் என்றான் லியோன்சியோ. கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் உழைப்பில் விளையாடியிருக்கிறாய் என்றான் காசிமிரோ. லியோன்சியோ மறுக்கவில்லை. காசிமிரோ தோளிலிருந்த மூட்டையை இறக்காமலே திரும்பி நடந்தான். அந்த அறுவடை முடியும்வரை அவன் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை.

பெனிக்னா ஊறல் தொட்டிக்குப் போய், "கையால பார்த்தியாக்கும். இப்பப் பார்த்துச் சொல்லு" என்றாள். லியோன்சியோ சட்டைக் கையைச் சுருட்டி, தோள்வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தேய்த்தான். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்றான். பெனிக்னா தெல்பினாவைக் கூப்பிட்டாள். தெல்பினா தொட்டியின்மேல் குனிந்து முகர்ந்தாள். புளிப்பு ஏறவில்லை, இன்னும் பழ வாடைதான் என்றாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றாள் பெனிக்னா. "இனிமே ரெண்டு பேரும் சொன்னாத்தான் எடுக்கணும். ஒருத்தர் சொன்னா நான் எடுக்கவிட மாட்டேன்." கழுதையை அவிழ்க்கப் போகிறவள்போல வேலிவரை போய், மூட்டைகளை இறக்க ஆரம்பித்தாள்.

கெட்ட கொட்டையை லியோன்சியோவும் அபுந்தியோவும் சேர்ந்துதான் சுமந்துபோய்ப் புதைத்தார்கள். திரும்பி வந்ததும் லியோன்சியோ தன் சட்டை ஒன்றை எடுத்து அவன்மேல் எறிந்தான். நடுக்களத்தை விட்டுச் சுற்றிவரக் காபி காயப்போட்டு அந்த அறுவடையை ஒப்பேற்றினார்கள். சுண்ணாம்புப் பசையை அப்புவதும் சுரண்டுவதும் தொடர்ந்தது. ஒவ்வொரு தடவையும் பசை கொஞ்சம் வெளிறி வந்தது. கடைசியில் வாடை நின்றது. நின்றுவிட்டது என்று தெல்பினா சொன்ன பிறகுதான் அங்கே துடுப்பு போனது. நிறம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் மழை பெய்தால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

கறைமேல் முதல்முறையாகக் காபி பரப்பிய அன்று மதியம் நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். லியோன்சியோ பீன்ஸை ரொட்டியில் வழித்து வாயில் போட்டுவிட்டு, தெல்பினாவை நிமிர்ந்து பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்று அவனே கேட்டான்.

"அடிப்பிடிச்சுப் போச்சு" என்றாள் அவள். "சாப்பிடுங்க."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான்.